மூன்றாவது சிவப்புச் சீட்டு

நேற்று மாலை ஐந்தே காலுக்கு, எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்கையில், ஒரு தப்பும் செய்யாத ஒருத்தியை நான் குற்றவாளி என்று சொன்னேன். நோட்டில் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன். நேரம் சரி. இடம் சரி. நின்றவர்கள் எண்ணிக்கையும் சரி. நான் சொன்னதுதான் தப்பு.

இன்று காலை ஆறு மணி. கட்டடத்தின் பின்முற்றத்தில், ஓடாத ஸ்கூட்டர் ஒன்றின் மறைவில், நானும் மாமாவும் ஆளுக்கொரு பால் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தோம். எதிர்ச் சுவரோரம் பன்னிரண்டு வீடுகளின் பைகளும், தரைத்தளத்துத் தையல் கடையின் பையும் வரிசையாக நின்றன.

"பாஸ், ராத்திரி தூங்கினியா?"

"கொஞ்சம்."

"பொய். நீ நோட்டைப் புரட்டுற சத்தம் என் ரூம் வரைக்கும் கேட்டுச்சு. அச்சாபீஸ்ல பாய் விரிச்சுப் படுத்த மாதிரி இருந்துச்சு."

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பதினெட்டு வருடம் நகராட்சிக் குப்பை லாரி ஓட்டியவர். முதுகு ஒத்துழைக்காமல் விலகினார். அம்மா போன பிறகு எங்களோடு இருக்கிறார். என் துப்பறியும் நிலையம் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மேஜையும் ஒரு பலகையும். அதில் நான் முதலாளி, அவர் உதவியாளர். ஒரு குப்பைப் பையைத் தூக்கிப் பார்த்தே அந்த வீட்டில் எத்தனை பேர், யார் யாரோடு பேசுவதில்லை என்று சொல்லிவிடுவார். பாதி சரியாக இருக்கும். என் கணிப்பில் அந்தப் பாதியும் தேறுமா என்று நேற்றிலிருந்து எனக்குச் சந்தேகம்.

வழக்கு எளிமையானது. இந்த மாதம் அமலுக்கு வந்த நகராட்சியின் புதுச் சட்டப்படி ஒவ்வொரு வீடும் கடையும் குப்பையைப் பிரித்துப் போட வேண்டும். மக்குவது பச்சைத் தொட்டியில். காகிதம், துணி, பிளாஸ்டிக் போன்றவை உள்ளே இருப்பது தெரிகிற கண்ணாடிப் பையில். மருத்துவக் கழிவுக்கும் டயபருக்கும் தனியாக மஞ்சள் பை. அதை வார்டு ஆபீஸில் பெயர், வயது, காரணம் எழுதிக் கொடுத்து வாங்க வேண்டும். மாறிப் போட்டால் கதவில் சிவப்புச் சீட்டு ஒட்டுவார்கள். வீடென்றால் அதோடு போகும். கடையென்றால் மூன்றாவது சீட்டில் ஒரு மாதம் பூட்டு.

டெய்லர் அக்காவின் கதவில் இரண்டு சீட்டுகள் ஒட்டியாகிவிட்டன. துணித் துண்டுகள் மட்டுமே இருக்க வேண்டிய அவளுடைய பையில், போன செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும், செய்தித்தாளில் பொதிந்த ஒரு பொட்டலம் கிடைத்தது. லாரிக்காரர்கள் கத்தியால் கிழித்துப் பார்த்தார்கள். உள்ளே பெரியவர்கள் கட்டுகிற டயபர். ஒரு பள்ளிக்கூடத்துக்கு இருநூற்றுப் பத்துச் சீருடைகள் தைத்துக்கொண்டிருக்கிறாள் அக்கா. பள்ளி திறக்கப் பதினாறு நாள் இருக்கிறது. இன்று லாரி வரும் நாள். இன்றும் பொட்டலம் இருந்தால் கடைக்குப் பூட்டு, சீருடை வேறொருவர் கைக்கு.

"கிழிஞ்ச பொட்டலத்தைப் பார்த்ததும் நர்ஸுதான்னு எப்படி முடிவு பண்ணே?" என்றார் மாமா.

"வீடு வீடாப் போய்ப் படுக்கையில கிடக்கிறவங்களைப் பார்த்துக்கிற வேலை. இந்தக் கட்டடத்துல டயபரைத் தொடுற ஒரே ஆள் அவங்கதான்."

"அந்தக் கணக்குப்படி, முதல் மாடியில இருக்கிற பல் டாக்டர் வீட்டுக் குப்பையில தினமும் முப்பத்திரண்டு பல் இருக்கணும்."

"மாமா, ப்ளீஸ்."

"நான் ஒண்ணும் சொல்லலை. நீ முதல்ல திட்டிட்டு அப்புறம் போன் பண்ணி விசாரிச்சே. நான் முதல்ல போன் பண்ணிட்டு அப்புறம் திட்டியிருப்பேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

நர்ஸ் அக்கா வேலை பார்க்கும் இடத்திலிருந்து போனில் கிடைத்த பதில், செவ்வாயும் வெள்ளியும் அவள் முந்தின மாலையிலிருந்தே ஊரின் மறு கோடியில் ஒரு நோயாளியோடு இருந்தாள் என்பது. துப்பறியும் பயிற்சியின் மாலை வகுப்பில் எங்களுக்கு முதல் வாரமே சொல்லித்தருகிறார்கள், ஆள் இருந்த இடத்தை முதலில் உறுதி செய் என்று. நான் அதை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். இரண்டு முறை.

நேற்று அவள் ஒரு வார்த்தைதான் சொன்னாள். "நான் போடலை." பிறகு எங்கள் வீட்டு ஜன்னலை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். என்னைப் பற்றி என் வீட்டில் புகார் செய்ய நினைக்கிறாள் என்று அப்போது எண்ணினேன்.

ஏழு மணிக்கு டெய்லர் அக்காவின் பையை நோட்டில் வரைந்துகொண்டேன். கண்ணாடிப் பை என்பதால் உள்ளே அடுக்கடுக்காகத் தெரிந்தது. அடியில் நீலத் துண்டுகள், நடுவில் வெள்ளை, மேலே பச்சை. அதைப் பார்த்து மாமா, "இது என்ன, கேக்கா?" என்றார்.

எட்டுப் பத்துக்கு அப்பாவுக்குக் காபி போட மேலே போனேன். பின்பக்கத்து இரும்புப் படி எல்லாச் சமையலறைகளிலிருந்தும் முற்றத்துக்கு இறங்குகிறது. ஒரு பூனை இறங்கினாலும் சத்தம் போடும். காவல் இருப்பது யாருக்கும் தெரிய வேண்டாமென்று முன்படி வழியாக ஏறினேன்.

குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. "அப்பா, காபி" என்றேன். பதில் இல்லை. மூடி வைத்துவிட்டு, பழக்கத்தில் சமையலறைத் தொட்டிகளைத் திறந்து பார்த்தேன். எங்கள் வீட்டில் பிரிக்கும் வேலை என்னுடையது. சுவரில் ஓர் அட்டவணை ஒட்டியிருக்கிறேன். மாறிப் போட்டவர் பெயருக்கு நேரே பெருக்கல் குறி. மாமாவுக்கு ஒன்பது. அப்பாவுக்கு ஒன்று, பேனா மூடி. அன்று அப்பாவிடம் ஐந்து நிமிடம் விளக்கினேன். அவர் நின்றுகொண்டே கேட்டுக்கொண்டார்.

தொட்டிகளில் குறையொன்றும் இல்லை. எட்டு இருபத்தைந்துக்குக் கீழே வந்தேன்.

"யாராவது வந்தாங்களா மாமா?"

"யாரும் வரலை."

நான் பையைப் பார்த்தேன். நோட்டைப் பார்த்தேன். மறுபடி பையைப் பார்த்தேன். மேலே நீலம் இருந்தது. பச்சை நடுவில் போயிருந்தது.

"மாமா, யாரோ கையை விட்டு அடி வரைக்கும் போயிருக்காங்க. திரும்ப அழகா அடுக்கியும் வெச்சிருக்காங்க. வரிசைதான் மாறிப்போச்சு."

"காத்தடிச்சிருக்கும்."

"கட்டின பைக்குள்ளயா?"

"அப்ப நான் தூங்கியிருப்பேன்."

இதுதான் என்னை நிறுத்தியது. பதினெட்டு வருடத்தில் ஒருநாள்கூட ஸ்டியரிங் முன் கண் அசந்ததில்லை என்று வாரம் இரண்டு தடவை சொல்கிற மனிதர். அதுவும், தூங்கியதைப் பற்றி ஒரு கிண்டல்கூட இல்லாமல், ஸ்கூட்டர் சக்கரத்தைப் பார்த்துச் சொன்னார். நோட்டில் எழுதினேன்: 'மாமா இரண்டு பதில் சொன்னார். இரண்டிலும் கேலி இல்லை. ஏன்?'

பையை அவிழ்த்துக் கையை விட்டேன். வெள்ளைத் துணிகளுக்குக் கீழே பொட்டலம் இருந்தது. செய்தித்தாளில் மூலைகள் மடித்து, சணல் கயிறு குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, கச்சிதமாக. இந்த முறை யாரும் கிழிக்காத முழுப் பொட்டலம்.

"பாஸ், இங்க பாரு. அதை இப்படிக் கொடு. நான் எடுத்துட்டுப் போய் வேற வழி பண்ணிடறேன். டெய்லரம்மாவுக்குச் சீட்டு வராது. நமக்கு வேண்டியது அதுதானே?"

"அடுத்த வாரம்?"

"அடுத்த வாரம் வராது."

"எப்படித் தெரியும்?"

மாமா வாயைத் திறந்தார். அதற்குள் முற்றத்துக் கதவு திறந்தது.

சுகாதார ஆய்வாளர் அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார். கையில் சிவப்புச் சீட்டுக் கட்டு, அக்குளில் கோப்பு. சின்ன வயது. வேலையில் சேர்ந்த புதிதில் மாமாவின் லாரியில்தான் ஆறு மாதம் சுற்றினாராம். அவருக்குப் பின்னால் டெய்லர் அக்கா, கழுத்தில் அளவு நாடாவோடு, முகம் வெளுத்து. என் கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"மறுபடியுமா?"

"அக்கா, இது உங்களுது இல்லைன்னு எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? சாருக்குத் தெரியணும்."

ஆய்வாளர் சங்கடமாக இருமினார். "எனக்கு ஒண்ணும் விரோதம் இல்லம்மா. யார் போட்டாங்களோ அவங்க எழுதிக் கொடுத்தா பழைய ரெண்டு சீட்டையும் சேர்த்தே ரத்து பண்ணிடலாம். ஆள் தெரியலைன்னா பை யார் பேர்ல இருக்கோ அவங்கதான். முதல்ல உள்ள என்னன்னு பார்க்கணும். பிரிங்க."

டெய்லர் அக்கா கத்தரிக்கோலை எடுத்தாள்.

"வெட்ட வேண்டாம்," என்றேன். "முடிச்சும் ஒரு தடயம்."

நல்ல யோசனை என்று எனக்கே தோன்றியது. நேற்றுக்குப் பிறகு முதல் முறையாக என் குரல் எனக்குப் பிடித்திருந்தது.

அக்கா நகத்தால் முயன்றாள். பல்லால் கடிக்கப் போய், உள்ளே இருப்பது நினைவுக்கு வந்து விட்டுவிட்டாள். "இருபத்தாறு வருஷமா நூலோட மல்லுக்கட்டுறேன். இது என்ன முடிச்சுன்னே புரியலையே. இழுக்க இழுக்க இறுகுது."

ஆய்வாளரும் முயன்றார். அவர் விரல் சிவந்ததுதான் மிச்சம். அந்த நேரம் பார்த்து நர்ஸ் அக்கா வேலைக்குப் போகும் உடையில் முன்படி வழியாக வந்து, முற்றத்து வாசலருகே நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. பொட்டலத்தைப் பார்த்தாள்.

"கொடுங்க," என்றேன்.

இடது பக்கம் மடங்கியிருந்த நுனியை ஒரு சுண்டு சுண்டி இழுத்தேன். கயிறு முழுவதும் ஒரே வீச்சில் கழன்று என் கையில் தொங்கியது.

"அட!" என்றாள் டெய்லர் அக்கா. "எப்படிடி?"

எப்படி என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அப்போதுதான் கையில் தொங்கிய கயிற்றைப் பார்த்தேன்.

அப்பா ஒரு பஸ் கம்பெனியின் பார்சல் கவுண்ட்டரில் முப்பத்தோரு வருடம் இருந்தார். வழியில் யாரும் பார்சலைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி கட்டிவிடக் கூடாதென்று தானே ஒரு முடிச்சு வைத்திருந்தார். இழுக்க வேண்டிய நுனி தெரிந்தவனுக்கு ஒரு சுண்டல், தெரியாதவனுக்குக் கத்தரிக்கோல்தான். எனக்கு ஏழு வயதில் சொல்லிக் கொடுத்தார். அந்த முடிச்சில்தான் நான் இன்றுவரை எல்லாவற்றையும் கட்டுகிறேன். அதனால் இந்தப் பொட்டலத்தைக் கையில் எடுத்தபோது அதில் விசேஷமாக ஒன்றுமே எனக்குத் தெரியவில்லை.

ஆய்வாளர் என்னைப் பார்க்கவில்லை. சுவரோரம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே எட்டாம் எண் வீட்டின் பழைய செய்தித்தாள் கட்டு இருந்தது. நேற்று நான் கட்டியது. அதே சணல், அதே முடிச்சு, கூடவே எங்கள் வீட்டு எண் அட்டை.

"இது உங்க வீடு இல்லையா?" என்றார் மெதுவாக.

என் நோட்டில் இருந்த எல்லாமும் ஒரே நேரத்தில் தங்கள் இடத்தில் போய் உட்கார்ந்தன. தண்ணீர் விழுந்த குளியலறை. பதில் வராத 'அப்பா, காபி'. இரும்புப் படியில் யாரும் வரவில்லை என்று சொன்ன மாமா. துப்பறிகிறவர்களுக்கு இந்த நிமிடம் இனிக்கும் என்று படித்திருக்கிறேன். எனக்குக் காது சுட்டது.

"என்னுது சார்," என்றார் மாமா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"மூணு தடவையும் நான்தான். எழுதிக்குங்க."

"நீங்களா? எந்தப் பையில எது போகும்னு எனக்கே சொல்லிக் கொடுத்தது நீங்கதானே?"

"அதனாலதான் வெக்கமா போச்சு. வேற என்ன பண்றது சார்? வண்டி பழசானா எண்ணெய் ஒழுகத்தான் செய்யும். என்ஜின் நல்லா இருக்கு, வாஷர் போயிடுச்சு." டெய்லர் அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தார். "நீங்க வேற யூனிஃபாரம் தெச்சுட்டு இருக்கீங்க. எனக்கும் ஒண்ணு தெச்சுக் கொடுத்துடுங்க, ரப்பர் துணியில."

டெய்லர் அக்கா சிரித்துவிட்டாள். ஆய்வாளர்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார். பேனாவை எடுத்தார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. இதை எழுதும்போது கை தயங்குகிறது. ஆனாலும் எழுத வேண்டும். மாமா செய்வது பொய் என்று எனக்குத் தெரிந்தது. யாருக்காகச் செய்கிறார் என்றும் தெரிந்தது. அவர் பெயரில் அது முடிந்துவிட்டால் நல்லது என்று நினைத்தேன். அக்காவின் கடை தப்பிக்கும், அப்பாவின் பெயர் வராது, எட்டாம் எண் வீட்டில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவளுடைய அப்பாவே இப்படிச் செய்தார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கடைசிக் காரணம்தான் எனக்கு முதலில் தோன்றியது.

"மச்சான், போதும்."

குரல் மேலிருந்து வந்தது. அப்பா எங்கள் சமையலறை வாசலில், இரும்புப் படியின் மேல்முனையில் நின்றிருந்தார். சட்டையின் எல்லாப் பித்தான்களும் போட்டு, தலை வாரி, கவுண்ட்டருக்குப் போவதுபோல. எப்போது வந்தார் என்று தெரியவில்லை. வண்டி, எண்ணெய், வாஷர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்று மட்டும் முகத்தில் தெரிந்தது. ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்து, நின்று நின்று இறங்கினார். அவ்வளவு நேரம் அந்தப் படி சத்தம் போட்டது.

"அத்தான், நீங்க எதுக்கு வெளிய வந்தீங்க? நான்தான் பேசிட்டு இருக்கேன்ல?"

"நீ பேசினது போதும்டா." ஆய்வாளரிடம் திரும்பினார். "சார், அது என்னுது. இவன் பேர்ல எழுதினா பொய் வாக்குமூலம் ஆயிடும். என் பேர்ல எழுதுங்க."

டெய்லர் அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்ததற்காக அவள் முகம் சிவந்திருந்தது; பிறகு அது வேறு சிவப்பாக மாறியது.

"ஐயா, தினமும் கடைக்கு வந்து விசாரிச்சீங்களே. சீட்டு என்னாச்சும்மா, என்னாச்சும்மான்னு."

"ஆமாம்மா."

"நீங்க போட்டுட்டு, நீங்களே வந்து கேட்டீங்களா?"

"கேக்காம இருக்க முடியலம்மா."

"நான் டீ வேற போட்டுக் கொடுத்தேன்."

"குடிச்சேன்," என்றார் அப்பா. "துணிக்கு நடுவுல இருந்தா தெரியாது, லாரியோட போயிடும்னு நெனச்சேன். முதல் சீட்டு ஒட்டினப்பவே நிறுத்தியிருக்கணும். வேற எங்க கொண்டு போறதுன்னு தெரியலை. நீங்க மன்னிச்சாலும் மன்னிக்காட்டியும், உங்க கதவுல இருக்கிறதை நானே கழட்டித் தரேன்."

அக்கா அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினாள். பிரித்தாள். மறுபடி சுருட்டினாள். "ரெண்டாவது சீட்டு ஒட்டினதுலேருந்து எனக்குச் சாப்பாடு இறங்கலை ஐயா," என்றாள் கடைசியில். "அதை மட்டும் சொல்லிக்கறேன்." அதன் பிறகு பால் கூடை ஒன்றை நிமிர்த்தி, தூசி தட்டி, மறுபடி கவிழ்த்து அப்பாவின் பக்கத்தில் வைத்தாள். அப்பா உட்காரவில்லை.

"வீட்டுலயே வெச்சிருந்து மஞ்சள் பை கேட்டிருக்கலாமே ஐயா?" என்றார் ஆய்வாளர். திட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அப்பா என் பக்கம் ஒரு கணம் பார்த்தார். உடனே பார்வையை எடுத்துக்கொண்டார்.

"வீட்டுல சோதனை உண்டு சார்," என்றார், ஒரு சின்னச் சிரிப்போடு.

மாமா அந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அவருடைய ஒன்பது பெருக்கல் குறிகளைப் பற்றி வாரம் முழுக்க ஜோக் அடிக்கிறவர், தன் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆய்வாளர் கோப்பிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். "மஞ்சள் பைக்கு இப்பவே எழுதிடலாம். ஆபீஸ் வரைக்கும் நீங்க வர வேண்டாம். உங்க வீட்டுக் கதவுல ஒரே ஒரு சீட்டு ஒட்டணும், அதைத் தவிர்க்க முடியாது. பேர் எழுதிட்டேன். வயசு?"

"அறுபத்தி ஏழு."

"காரணம்…" அவர் குரலைத் தாழ்த்தி, தானே ஏதோ எழுதிக்கொண்டார். "எத்தனை நாளா?"

அப்பா தரையைப் பார்த்தார். ஆய்வாளர் அவரை வற்புறுத்த மனமில்லாமல் என்னிடம் திரும்பினார். "நீங்க கூடவே இருக்கிறவங்கதானே. எத்தனை நாளாம்மா?"

என் கையில் நோட்டு இருந்தது. கட்டடத்தில் யார் எத்தனை மணிக்கு வெளியே போகிறார்கள், யார் பையில் என்ன இருக்கிறது, டெய்லர் அக்காவின் துணித் துண்டுகளின் நிற வரிசை எல்லாம் அதில் இருந்தன. பக்கத்தைப் புரட்டவும் செய்தேன். எங்காவது எழுதியிருப்பேன் என்று எனக்கே ஒரு நம்பிக்கை.

"மூணு மாசம் பத்து நாள்," என்று வாசல் பக்கமிருந்து ஒரு குரல் சொன்னது.

நர்ஸ் அக்கா. பையைத் தோளில் மாட்டியபடி, எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "மூணு மாசம் பத்து நாள், சார். டாக்டர் சீட்டு அவர் சட்டைப் பையிலதான் இருக்கும். தேதி போட்டிருக்கும்."

அப்பா சட்டைப் பையில் கையை விட்டு, நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார்.

நான் அவளையே பார்த்தேன். நேற்று மாலை, எட்டுப் பேர் முன்னால், நான் விரலை நீட்டிக் கேட்டபோது அவளுக்குத் தெரியும். பொட்டலத்தைப் பற்றித் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் டயபர் என்று நான் சொன்ன மறு நொடியே அது யாருடையது என்று புரிந்திருக்கும். ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் போதும், என் விரல் மடங்கியிருக்கும். அவள் எங்கள் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். நான் போடலை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தெருவில் இறங்கிவிட்டாள். நான் ஓடிப்போய் பஸ் நிறுத்தத்துக்கு முன்னால் பிடித்தேன்.

"அக்கா. நேத்து…"

"நான் ஒன்பது மணிக்கு வேலையில இருக்கணும்."

"நீங்க சொல்லியிருக்கலாமே. என் வாயை அப்படியே அடைச்சிருக்கலாம்."

"அவர் சொல்லாதேன்னு கேட்டுக்கிட்டார். நோயாளி சொல்லாதேன்னா சொல்லக் கூடாது. அது என் வேலை." பஸ் வருகிறதா என்று பார்த்தாள். "நேத்து ராத்திரி போன் பண்ணி அவர்கிட்ட சொன்னேன், இது நல்லா இல்ல, டெய்லர் பாவம், நாளைக்கு லாரி வர்றதுக்குள்ள நீங்களே சொல்லிடுங்கன்னு. சரின்னார். காலையில தைரியம் வரலை போல."

"உங்களைக் கேவலப்படுத்திட்டேன் அக்கா. அத்தனை பேர் முன்னாடியும் வந்து மன்னிப்புக் கேக்கறேன். இன்னிக்கு மாலையே, அதே இடத்துல."

"கேளு. நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். எனக்கு உறைச்சுது." இப்போதுதான் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இருந்தது. அதற்குப் பின்னால் வேறொன்றும் இருந்தது. எனக்கு அதைவிடக் கோபமே பரவாயில்லை என்றிருந்தது. "ஆரம்பத்துல ஒருநாள் உங்க அப்பா எங்கிட்ட கேட்டார். 'என் பொண்ணு துப்பறியறவ. இதை எத்தனை நாள்ல கண்டுபிடிப்பான்னு நெனக்கறே?'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒரு வாரம்னேன். அவருக்குக் கோபம் வந்துடுச்சு. 'ஒரு வாரமா? அவ ஒரே நாள்ல கண்டுபிடிச்சுடுவா'ன்னார்."

பஸ் வந்து நின்றது. அவள் கைப்பிடியைப் பிடித்தாள்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன? தினமும் காத்துட்டு இருந்தார்."

"பயந்துகிட்டா?"

"அதை அவர்கிட்ட கேளு," என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

திரும்பி நடந்தேன். தையல் கடை வாசலில் அப்பா ஈரத் துணியால் இரண்டாவது சீட்டை நனைத்து நனைத்து உரித்துக்கொண்டிருந்தார். மாமா கிண்ணத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றார். நான் நோட்டை மூடி இடுப்பில் செருகிக்கொண்டு, அதைக் கேட்பதற்காக அப்பாவின் பக்கத்தில் போய் நின்றேன். மாமாவின் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன்.